பலாப் பலகையின் அடிப்பக்கம்

செங்கல்வராயன் திருப்பதியில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். பைராகிபட்டேடையில் ஒரு முதல் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஐம்பத்தேழு வயது வரைக்கும் சமையலில் அவருக்குத் தெரிந்தது டீ போடுவது மட்டும்தான். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவருடைய மனைவி காஞ்சனா தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சமையலறையில் சரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் வலது கையும் வலது காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு வந்தது, குழறிக் குழறி வந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிந்தது, வெளியாட்கள் "இன்னா, இன்னா?" என்று கேட்டார்கள். ஒருமுறை அவளுடைய தங்கையே போனில் "யாருங்க பேசுறது?" என்று கேட்டுவிட்டாள். அன்று போனைக் கீழே வைத்தவள்தான், அதற்கப்புறம் அதைத் தொடவேயில்லை. மணி அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சித்தூரில் இருந்த மகள் தரணி மூன்று மாதம் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஜூலை முடியும்போது திருப்பதிக்குத் திரும்பும் பேச்சு வந்தது. காஞ்சனா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"மேடை எட்டாத வூட்டுக்கு நான் எதுக்கு?"

திருப்பதி வீட்டுச் சமையல் மேடை கிரானைட். நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுடைய தாடை உயரத்துக்கு வரும். உடைத்துத் தாழ்த்திக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, வீட்டுக்காரர் கல்லில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். தரணி ஒரு ஸ்டீல் டேபிள் வாங்கிப் போடலாம் என்றாள். காஞ்சனா வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"வழுக்கும். ஒரு கையால புடிக்க முடியாது. ஆணி அடிக்கணும்."

"ஆணி எதுக்கும்மா?"

கைகால் பயிற்சிக்குப் போன இடத்தில் இன்னொரு நோயாளி காய் நறுக்குவதை அவள் பார்த்திருந்தாள். பலகையில் இரண்டு ஆணி, கூர் மேலே பார்த்து நிற்கும். வெங்காயத்தை அதில் குத்தி வைத்துவிட்டால் அது உருளாது. பிறகு ஒரு கை போதும். இதைச் சொல்லி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. சொல்லி முடித்தபோது நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. அதனால் மரம் என்று முடிவாயிற்று.

சித்தூரில் கங்காதர நெல்லூர் ரோட்டில் ஜமீலா என்று ஒரு பெண் மரவாடி நடத்தினாள். பின்னால் இழைக்கிற மிஷின், ஒட்டுகிற பட்டறை எல்லாம் உண்டு. காஞ்சனாவை ஆட்டோவில் ஏற்றி, நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டி, செங்கல்வராயனும் தரணியும் அங்கே போனார்கள். மரத்தூளில் நாற்காலியின் சக்கரம் புதைந்தது. அதைத் தள்ளியதிலேயே அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜமீலா கூட வந்தவர்களை விட்டுவிட்டு, நாற்காலியில் இருந்தவளிடம்தான் பேசினாள். டேப்பை எடுத்து முழங்கைக்கும் தரைக்கும் இடையே அளந்தாள்.

"இருபத்தெட்டு இஞ்சுக்கா. உங்க முட்டி உள்ள போவணும், கை மேல தாராளமா இருக்கணும். இன்னா மரம் வேணும்?"

தேக்கைக் காட்டினாள், வேம்பைக் காட்டினாள். மாமரத்தையும் காட்டி, "மலிவுதான், இந்த ஊர்ல எங்க பாத்தாலும் இதான். ஆனா தண்ணி பட்டா கறுத்துடும், அடுப்பாங்கரைக்கு வேணாம்" என்று அவளே தள்ளி வைத்தாள். காஞ்சனா இடது உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். கடைசியில் மஞ்சளாக இருந்த ஒரு பலகையில் கையை வைத்து அப்படியே நிறுத்தினாள்.

"பலா," என்றாள் ஜமீலா.

"மஞ்சத்தூள் கறை தெரியாது," என்றாள் காஞ்சனா.

ஜமீலா சிரித்துவிட்டாள். "இருவது வருஷமா விக்கிறேன், இத யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

பாலீஷ் போடவேண்டாம் என்றாள் ஜமீலா. கத்தி படுகிற இடத்தில் பாலீஷ் உரிந்து சோற்றில் விழும். எண்ணெய்தான் சரி, ஆனால் கடலையெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்து எறும்பைக் கூப்பிடும். மருந்துக்கடையில், மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற லிக்விட் பாரஃபின் என்று கேட்டு வாங்கவேண்டும். முதல் வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒரு தடவை, அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை. சூடான பாத்திரத்தை நேராக வைக்கக்கூடாது. ஈரத்தைத் தேங்க விடக்கூடாது. இரும்புச் சட்டியை ஈரத்தோடு வைத்தால் கறுப்பு வளையம் விழும்; எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கவேண்டும்.

"இன்னொண்ணு அண்ணா," என்று செங்கல்வராயனைப் பார்த்தாள். "மேல எவ்ளோ எண்ணெ பூசுறீங்களோ, அடிப்பக்கத்துலயும் அவ்ளோ பூசணும். எல்லாரும் அத மறந்துடுவாங்க. அப்புறம் மரம் வளைஞ்சிடுச்சின்னு எங்கிட்ட வருவாங்க."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த நான்கு மாதத்தில் அவர் மாத்திரைக்குத் தலையாட்டியிருந்தார், பயிற்சிக்குத் தலையாட்டியிருந்தார், உப்புக் குறைப்பதற்குத் தலையாட்டியிருந்தார். இது இன்னொன்று.

ஆகஸ்ட் முதல் வாரம் பலகை வந்து சேர்ந்தது. நான்கு கால் சட்டத்தின் மேல், நாலரை அடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம். மூன்று ஓரத்திலும் பாத்திரம் நழுவாமலிருக்க விரல் உயரத்துக்கு விளிம்பு. இடது மூலையில் இரண்டு எவர்சில்வர் ஆணி. வலது பக்கம் கரண்ட் அடுப்பு. மருந்துக்கடைக்காரர் ஆறு பாட்டில் பாரஃபினை எடுத்து வைத்துவிட்டு, "வயிறு அவ்ளோ கஷ்டமாங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டார். "மேடைக்கு" என்றார் செங்கல்வராயன்.

முதல் வெங்காயத்தை நறுக்க அவளுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி நழுவும்போதெல்லாம் அவர் கை தானாக முன்னால் போயிற்று. "நீ போய்யா" என்று இரண்டு தடவை விரட்டினாள். நறுக்கி முடித்து, ஒழுங்கில்லாத அந்தத் துண்டுகளை இடது கையால் ஒதுக்கிக் குவித்துவிட்டு, அவள் அவற்றையே ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றைக்கு அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் சந்தோஷத்தை நாலு நாளைக்கு மேல் தாங்குகிற தெம்பு அவரிடம் இல்லை. காலை நாலரைக்கு எழுந்திருப்பார். அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, உடுத்தி, டீ கொடுத்து, குக்கர் வைத்து, ஆறே காலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஷெட்டுக்குப் போவார். காலை டிரிப் முடித்து பத்து மணிக்கு வீடு. துணி, பாத்திரம், மாத்திரை, கைகால் பயிற்சி. மூன்று மணிக்கு மறுபடி கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அவர் இல்லாத நேரத்தில் எதிர்வீட்டுப் பிரமிளா எட்டிப் பார்த்துக்கொள்வாள். அவள் தெலுங்குக்காரி, காஞ்சனாவை அண்ணி என்கிற அர்த்தத்தில் வதினா என்று கூப்பிடுவாள். இவள் குழறுகிற தமிழ் அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, "சரே வதினா" என்று கேட்டதைச் செய்துவிட்டுப் போவாள்.

இதற்கெல்லாம் மேலே இந்தப் பலகை. ஒவ்வொரு தடவையும் துடைக்கவேண்டும், உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைக்கவேண்டும். கிரானைட் என்றால் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டுப் போய்விடலாம். இது ஒரு குழந்தை மாதிரி என்று தரணியிடம் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற வேலை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

மேல்பக்கத்துக்கு ஒழுங்காக எண்ணெய் பூசினார். அடிப்பக்கத்துக்கு ஒரேயொரு தடவை முயன்றார். தரையில் மல்லாந்து படுத்து, கையை மேலே தூக்கித் துணியால் தேய்க்கவேண்டும். எண்ணெய் கண்ணில் சொட்டியது. எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. துவைத்த துணி எல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்கியது. சுவர் வேர்த்தது. பலகையின் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பியது. எண்ணெய் குடித்த மேல்பக்கம் அசையவில்லை. ஓரங்கள் எழும்பி நடு தாழ்ந்தது. முதலில் கண்டுபிடித்தது காஞ்சனாதான்.

"நடுவுல தண்ணி நிக்குதுய்யா."

"தொடச்சிட்டா போவுது."

"தொடைக்கிறேன். திருப்பி அங்கியே வந்து நிக்குது."

ஒரு வாரத்தில் அடுப்பு ஆட ஆரம்பித்தது. வைத்த தக்காளி நடுவுக்கு உருண்டது. தண்ணீர் நின்ற இடத்தில் தோசைக்கல்லின் கறுப்பு வளையம் ஒன்று விழுந்திருந்தது. ஒருநாள் பருப்புச் சட்டி சாய்ந்து அவள் மடியில் கொஞ்சம் சிந்தியது. நல்லவேளை, சூடு ஆறியிருந்தது.

"போதும் காஞ்சனா," என்றார். "நானே ஆக்குறேன். நீ உக்காந்துக்கினு சொல்லு, போதும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அடியில எண்ணெ பூசுனியா?"

அவள் இடது கையைப் பலகைக்கு அடியில் விட்டுத் தடவினாள். மேல்பக்கம் போல் வழவழப்பாக இல்லை, சொரசொரவென்று பிசிறடித்தது.

"இன்னாமே, அப்டி பாக்குற? பூசல. ஒருவாட்டிகூட முழுசா பூசல." அவர் குரல் உயர்ந்தது, உடனே இறங்கியது. "எனக்கு முடியல. நெசமா சொல்றேன், அது வளைஞ்சப்போ எனக்கு நிம்மதியா இருந்திச்சி. நீ ஒரு வெங்காயத்த அரிஞ்சி முடிக்கிற வரைக்கும் நான் மூச்ச புடிச்சிக்கினு நிக்கிறேன். நானே அரிஞ்சா ரெண்டு நிமிஷம். முந்தாநேத்து ரேணிகுண்டா ரயில் கேட்ல பஸ்ஸ நிறுத்தினேன் பாரு, தூங்கிட்டேன். இஞ்சின் ஓடிக்கினு இருக்குது, பின்னாடி நாப்பது புள்ளைங்க. ஒரு பொண்ணு வந்து தோளத் தட்டி, அங்கிள், கேட் தெறந்துட்டாங்கன்னு சொல்லிச்சி."

சொல்லி முடித்த பிறகுதான், இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று அவருக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை விட்டிருந்தது. தண்ணீர்க்குழாயில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

காஞ்சனா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பலகையின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"அந்தப் பொம்பளைக்குப் போன் போடு," என்றாள் கடைசியில். "ஜமீலாவுக்கு."

ஜமீலா திட்டவில்லை. எது மேலே எழும்பியிருக்கிறது, நடுவா ஓரமா என்று மட்டும் கேட்டாள். பிறகு சொன்னாள்: வெயில் வந்ததும் பலகையைக் கழற்றி, குழி விழுந்த பக்கத்தை ஈரச் சாக்கின் மேல் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். இந்தப் பக்கம் ஈரம் குடிக்கும், அந்தப் பக்கம் காயும். ரெண்டு மூணு நாளில் படிந்துவிடும். மணிக்கு ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள், விட்டால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். படிந்ததும் முதலில் அடிக்கு எண்ணெய்.

மறுநாள் புதன்கிழமை. வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. காலை டிரிப் முடித்து வந்ததும் திருகுகளைக் கழற்றி, பலகையைத் தோளில் வைத்து மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனார். இருபத்திரண்டு படி. பாதியில் நின்று சுவரில் சாய்த்து மூச்சு வாங்கினார். "பத்து நிமிஷத்துல வந்துடுறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். போனைக் கட்டிலிலேயே விட்டிருந்தார்.

சாக்கை நனைத்து விரித்தார். பலகையைக் கவிழ்த்தார். நாலு மாதத்தில் முதல்முறையாக அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தார். கடையிலிருந்து வந்த அன்று இருந்த அதே மஞ்சள். கையால் தொட்டால் சில்லென்றிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சுவரில் முதுகைச் சாய்த்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தார். தூரத்தில் மலை தெளிவாகத் தெரிந்தது. கீழே யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. அவர் மேல் ஒரு போர்வை கிடந்தது. தலைக்கடியில் ஒரு தலையணை. எங்கே இருக்கிறோம் என்பதே சற்று நேரம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். மூணு மணி டிரிப். காஞ்சனா. மத்தியானச் சாப்பாடு. மாத்திரை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார்.

காஞ்சனா கட்டிலோரம் நாற்காலியில் இருந்தாள். பிரமிளா அருகே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மணி இன்னா?"

"அஞ்சேகால்," என்றாள் காஞ்சனா.

"பஸ்ஸு!" என்று போனைத் தேடினார். அது காஞ்சனாவின் மடியில் இருந்தது. அவள் மடியில் போன் இருப்பது என்னவோ போலிருந்தது. ஏனென்று உடனே பிடிபடவில்லை.

"அன்னா, கங்காரு படாதீங்க, பதற வேணாம்," என்றாள் பிரமிளா, தெலுங்கும் தமிழுமாக. "வதினா மாட்லாடிட்டாங்க, பேசிட்டாங்க. போன்ல."

பதினொன்றரைக்கு காஞ்சனா பிரமிளாவைக் கூப்பிட்டு மாடிக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்னா நித்ரபோயாரு, எழுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். காஞ்சனா வேண்டாமென்று தலையாட்டிப் போர்வையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மணிக்கு ஒருமுறை பிரமிளா மேலே போய்ப் பலகையையும் அவரையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்றே காலிலிருந்து போன் அடித்திருக்கிறது. மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை பிரமிளா எடுக்கப்போனபோது, காஞ்சனாவே இடது கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டாளாம்.

செங்கல்வராயன் வாசலுக்குப் போய் பஸ் ஷெட் மேஸ்திரி சிவசங்கரனைப் போனில் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"உன் சம்சாரம் பேசிச்சிய்யா. மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. யாரு, இன்னா வேணும்னு அதட்டிக்கூட கேட்டுட்டேன். வெச்சிடும்னு பாத்தேன், வெக்கல. நிறுத்தி நிறுத்தி, மூணுவாட்டி சொல்லிச்சி. 'அவுரு தூங்குறாரு. நான் எழுப்ப மாட்டேன். வேற ஆள அனுப்பு.' அனுப்பிட்டேன். நீ அப்டி இன்னாய்யா கஷ்டப்படுற? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவர் உள்ளே வந்தார். பிரமிளா கீரையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போயிருந்தாள். காஞ்சனாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மே போன எடுத்த? எழுப்பியிருக்கலாமில்ல."

"நீ கொறட்டை வுட்டியாம். பிரமிளா சொன்னா." அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். "இங்க திரும்பி வந்ததுலருந்து நீ கொறட்டையே வுடல. நான் கேட்டுக்கினுதான் இருக்கேன்."

அவருக்கு அழுகை வந்தது. கீழே வேணுவின் இட்லிக்கடை திறந்திருந்தது, ஆட்கள் பேசுவது கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதார். அவள் இடது கையை அவர் தலைமேல் வைத்திருந்தாள். அழுது முடித்ததும் பசித்தது. பிரமிளா மாத்திரையைக் கொடுத்திருந்தாள், ஆனால் அவர் வரட்டும் என்று காஞ்சனா சோறு வேண்டாமென்றிருக்கிறாள்; இரண்டு பேருமே காலை டிபனைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கீழே போய் ஆறு இட்லி வாங்கிவந்தார்.

பலகை படிய மூன்று நாளாயிற்று. முழுக்கப் படியவில்லை, உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நடுவில் ஒரு மெல்லிய தாழ்வு இன்னும் தெரியும். அவ்வளவு இருக்கும், பாதகமில்லை என்றாள் ஜமீலா. கறுப்பு வளையத்தை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்ததில் அது சாம்பல் நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. பிறகு இரண்டு ஸ்டூல் போட்டு, பலகையைத் தலைகீழாக வைத்து, பாரஃபின் பாட்டிலையும் பழைய பனியன் துணியையும் காஞ்சனாவிடம் கொடுத்தார். அவள் அடிப்பக்கம் முழுவதையும் ஒரு கையாலேயே பூசினாள். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அவர் பக்கத்தில் நிற்கவில்லை. உள் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை என்றாலும் படுத்தே இருந்தார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை, தரணி வரும் ஞாயிற்றுக்கிழமையில், மகளும் அவருமாகப் பலகையைக் கழற்றித் திருப்பி வைப்பார்கள். நான்கு திருகுதான். பூசுவது காஞ்சனா. சிவசங்கரனிடம் சொல்லி அவர் சாயங்கால டிரிப்பை விட்டுவிட்டார். களைப்பு போய்விட்டது என்று சொல்லமுடியாது. நாலரைக்கு எழுந்திருக்கும்போது இப்போதும் உடம்பு ஏன் என்று கேட்கிறது. ஆனால் ரயில் கேட்டில் தூங்குவதில்லை.

தை பிறந்த பிறகு ஒருநாள் மாலை காஞ்சனா தனியாகவே புளிக்குழம்பு வைத்தாள். நறுக்குவதற்கு ஒரு மணி நேரம், வைப்பதற்கு ஒரு மணி நேரம். அவர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்; எழுந்து போய்ப் பார்க்கவேயில்லை. தட்டில் சோறு வைத்து அவளே குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததும் அவர் நிறுத்தினார்.

"இன்னாய்யா?"

"உப்பு."

"கம்மியா?"

"ஜாஸ்தி. டாக்டரு இன்னா சொன்னாரு?"

"டாக்டரு வந்து ஆக்கட்டும்," என்றாள் காஞ்சனா. "துன்னு."

அவர் மோரை எடுத்து விட்டுக்கொண்டு, முழுவதையும் சாப்பிட்டார்.